கரையும் உலோகமும் கூடும் எலும்பும்

ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாள் உழைப்பைப் 'பேர்' என்று சொல்வார்கள். காலையில் பெரட்டில் நின்று, மலைக்கு ஏறி, மாலையில் கொழுந்து நிறுத்த பிறகுதான் முழுப்பேர் விழுந்ததா, அரைப்பேர் விழுந்ததா என்பது தெரியவரும். பசறையிலோ மடுல்சீமையிலோ மழையில் ஊறிய சரிவொன்றில் ஒரு பெண் தொழிலாளி வழுக்கி, கையை ஊன்றி விழுந்து, மணிக்கட்டை முறித்துக்கொள்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். லயத்துக் காம்பிராவில் அன்றிரவு போடப்படும் முதற்கணக்கு, எத்தனை பேர் போகும் என்பதுதான். வலியைப் பற்றிய பேச்சு அதற்குப் பின்னர்தான் வரும்.

எலும்பு முறிவு வைத்தியத்தின் சரித்திரத்தை எழுதியவர்கள் மேதைகளின் பெயர்களையும் கருவிகளின் பெயர்களையும் நிறைய எழுதியிருக்கிறார்கள். முறிந்தவன் இழந்த நாட்களை எழுதியவர்கள் குறைவு. ஆனால் அச்சரித்திரத்தை ஊன்றிப் பார்த்தால், அதன் பெரிய கேள்விகள் யாவும் நாட்களைப் பற்றிய கேள்விகளாகவே இருக்கின்றன. எலும்பு கூட எத்தனை நாள்? தாங்கிப் பிடிக்கும் பொருள் எத்தனை நாள் தாங்கவேண்டும்? தாங்கி முடித்த பிறகு அதை என்ன செய்வது? இந்த மூன்றாவது கேள்விக்கு, ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளாக ஓர் உலோகம் தட்டுத்தடுமாறிப் பதில் சொல்லி வருகிறது. அதன் பெயர் மக்னீசியம்.

பதுளைச் சீமையின் பழைய வைத்தியத்திலிருந்து தொடங்குவதே நியாயம். சிங்களக் கிராமங்களில் 'கடும் பிந்தும்' வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாக எலும்பு கட்டி வந்தவர்கள். மூலிகை அரைத்துப் பத்துப் போட்டு, எண்ணெய் நீவி, மூங்கில் பத்தைகளை வைத்துத் துணியால் இறுக்குவது அவர்களுடைய முறை. தோட்டத்துத் தமிழர்களும் அந்த வெதமஹத்தயாவின் வாசலில் காத்திருந்தவர்களே, இன்றும் காத்திருக்கிறார்கள். மொழியும் சட்டமும் பிரித்துவைத்த இரு கூட்டத்தாரை முறிந்த கால் ஒரு திண்ணையில் சேர்த்து உட்கார வைத்தது. அந்த முறையில் மதிக்கத்தக்க ஒன்று உண்டு: வேலை முடிந்ததும் மூங்கிலை அவிழ்த்து எறிந்துவிடலாம். மதிக்க முடியாததும் உண்டு. தோலைக் கிழித்து வெளிவந்த எலும்பையும், மூட்டுக்குள் நொறுங்கிய எலும்பையும் மூங்கில் நேராக்காது. அத்தகையவர்களுட் பலர் கோணிய கையோடும் குட்டையான காலோடும் மிஞ்சிய வாழ்நாளைக் கழித்தார்கள்.

தோட்டங்களுக்கு ஆங்கில வைத்தியம் வந்த கதை வேறு. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து நடத்திக் கொண்டுவரப்பட்டவர்கள் வழியிலும் லயங்களிலும் மடிந்து வீழ்ந்தார்கள். கூலியாட்கள் சாவது தோட்டத்துக்கே நட்டம் என்ற எண்ணம் வலுத்த பின்னரே, 1872-ல் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென்று ஒரு சட்டம் பிறந்தது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்புதான், 1869-ல், மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அந்நோய் கோப்பியை அழித்துத் தேயிலைக்கு வழிவிட்டது. இலையின் நோய்க்கு விஞ்ஞானிகளை வரவழைத்த வேகத்தையும் மனிதரின் நோய்க்குச் சட்டம் இயற்றிய வேகத்தையும் வாசகர்கள் தாமே ஒப்பிட்டுக்கொள்ளலாம். சட்டம் கவலைப்பட்டது காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் பற்றி. முறிந்த எலும்பு தொற்றுநோய் அல்ல. அது பக்கத்து லயத்துக்குப் பரவாது. ஆகவே அது தனியொருவனின் துரதிர்ஷ்டமாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. வேலையில் நேர்ந்த காயத்துக்கு நட்டஈடு கொடுக்கும் சட்டம் இலங்கையில் 1934-ல்தான் இயற்றப்பட்டது.

இனி உலோகத்துக்கு வருவோம். முறிந்த எலும்பைத் திறந்து உலோகத்தால் பிணைப்பது என்ற எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வலுப்பெற்றது. மயக்க மருந்தும் கிருமி ஒழிப்பும் வந்த பிறகே அது சாத்தியமாயிற்று. அப்போது வைத்தியர்களின் கையில் இருந்த இரும்பும் வெள்ளியும் உடலுக்குள் துருப்பிடித்தன, அல்லது வளைந்தன, அல்லது சீழ் வைத்தன. அந்த நிலையில், உடலே கரைத்து உண்டுவிடும் உலோகம் ஒன்று இருந்தால் என்ன என்று சிலர் எண்ணியதில் வியப்பில்லை. 1808-ல் ஹம்பிரி டேவி பிரித்தெடுத்துக் காட்டிய மக்னீசியம் அதற்குள் கம்பியாகவும் நாடாவாகவும் கிடைக்கத் தொடங்கியிருந்தது. 1878-ல் எட்வர்ட் ஹியூஸ் என்ற வைத்தியர் இரத்தக் குழாய்களைக் கட்டுவதற்கு மக்னீசியக் கம்பியைப் பயன்படுத்தினார்; கம்பி மெல்லக் கரைந்து மறைந்தது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் எர்வின் பாயர் 1890-களிலிருந்து இதே உலோகத்தைக் குழாயாகவும் முளையாகவும் ஆணியாகவும் செய்து சோதித்தார்.

எலும்பில் இதை முதலில் துணிந்து வைத்தவர் பெல்ஜிய நாட்டு அன்ட்வெர்ப் நகரத்து ஆல்பின் லம்பொத். எலும்பைப் பிணைக்கும் சத்திரசிகிச்சைக்கே முன்னோடி என்று போற்றப்படுபவர். 1906-ஐ ஒட்டிய காலத்தில், பதினேழு வயதுள்ள ஒருவரின் கூடாத கீழ்க்கால் முறிவுக்கு அவர் மக்னீசியத் தகடொன்றை வைத்தார். தகட்டைப் பிடிப்பதற்கு உருக்குத் திருகாணிகளைப் போட்டார். மறுநாளே கால் வீங்கியது. தோலுக்கடியில் வாயு சேர்ந்தது. வலி பொறுக்க முடியவில்லை. எட்டாம் நாள் திறந்து பார்த்தபோது தகடு துண்டு துண்டாகச் சிதைந்து கிடந்தது.

என்ன நேர்ந்தது? உப்பு நீரில் இருவேறு உலோகங்களைத் தொட்டபடி வைத்தால் அது ஒரு மின்கலமாகிவிடும். டோர்ச் விளக்கின் பற்றரிக்குள் நடப்பதும் இதுவே. மனித உடலின் திரவம் உப்பு நீர்தான். உருக்கும் மக்னீசியமும் தொட்டபோது, தன்னை எளிதில் விட்டுக்கொடுக்கும் மக்னீசியம் பலமடங்கு வேகத்தில் அரித்துப் போயிற்று. அரிப்பின்போது மக்னீசியம் நீரோடு சேர்ந்து வெண்மையான ஹைட்ராக்சைடாக மாறுகிறது. கூடவே ஹைட்ரஜன் வாயு வெளிவருகிறது. ஒரு கிராம் உலோகம் கரைந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் வாயு! மெல்லக் கரைந்தால் இரத்தம் அதை ஏந்திக்கொண்டு போய்விடும். விரைந்து கரைந்தால் அது தசைக்குள் பைபோலச் சேர்ந்து நிற்கும்.

லம்பொத் மனம் தளர்ந்துவிடவில்லை. அவரும் அவருடைய உதவியாளர் வெர்ப்ருக்கும் விலங்குகளில் சோதித்து, உருக்கை விலக்கி, மக்னீசியத்தை மட்டும் கொண்டு முயன்றார்கள். முழங்கைக்கு மேல் முறிந்த குழந்தைகளுக்கு மக்னீசிய முளைகளை வைத்தபோது எலும்பு நன்றாகக் கூடியது. முளை கரைந்து போயிற்று. 1938-ல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் ஏர்ல் மக்பிரைட் அலுமினியமும் மாங்கனீசும் கலந்த மக்னீசியத் தகடுகளையும் திருகாணிகளையும் பற்றி எழுதினார். 1948-ல் சோவியத் நாட்டில் திரொயித்ஸ்கியும் திசித்ரினும், எலும்பு கூடாமற்போன 34 பேருக்கு மக்னீசிய–கட்மியக் கலவையைப் பயன்படுத்திய அனுபவத்தை வெளியிட்டார்கள். 25 பேருக்குப் பலன் கிடைத்தது, மற்றவர்களுக்குக் கிருமித் தொற்றால் தவறியது. கட்மியம் நஞ்சு என்பதால் அக்கலவையை இன்று எவரும் தொடமாட்டார்கள்.

அதே ஆண்டுகளில் உலகத்து மக்னீசியத்தின் பெரும்பகுதி எங்கே போயிற்று? ஆகாய விமானங்களுக்கும் நகரங்களைக் கொளுத்தும் தீக்குண்டுகளுக்கும் போயிற்று. இரண்டாம் உலகப் போரில் இந்த உலோகத்தின் உற்பத்தி பெருகியது எலும்பைக் கூட்டுவதற்காக அன்று. ஆனாலும் அந்த ஆராய்ச்சியின் ஒரு துணுக்கு வைத்தியத்துக்கும் பயன்பட்டது என்பதை மறைக்கக் கூடாது. மக்னீசியம் இத்தனை வேகமாக அரிப்பதற்குக் காரணம் அதில் கலந்துள்ள இரும்பும் நிக்கலும் செம்பும் என்பதை 1942-ல் அமெரிக்க டவ் நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் அளந்து காட்டினார்கள். அந்த அசுத்தங்கள் ஓர் எல்லைக்குக் கீழே இருந்தால் உலோகம் பல மடங்கு நிதானமாகக் கரைகிறது. லம்பொத்துக்குக் கிடைத்த உலோகம் சுத்தமானதன்று. அவர் தோற்றதில் ஒரு பங்கு உலைக்களத்தின் குற்றம்.

இந்த அறிவு வந்த நேரத்தில் வைத்தியர்களுக்கு அதன் தேவை போய்விட்டது. துருப்பிடிக்காத உருக்கு வந்துவிட்டது. 1940-ஐ ஒட்டி ஜெர்மனியில் குன்ச்சர் தொடை எலும்பின் குழிக்குள் நீண்ட ஆணியைச் செலுத்திக் காட்டினார். 1958-ல் சுவிட்சர்லாந்தில் மவுரிஸ் முல்லரும் தோழர்களும் கூடித் தகடு, திருகாணி ஆகியவற்றின் அளவுகளையும் முறைகளையும் வகுத்தார்கள். அது மகத்தான முன்னேற்றமே; மாதக்கணக்கில் கட்டிலில் கிடந்தவர்கள் வாரங்களில் எழுந்து நடந்தார்கள். 2021 மார்ச்சில் பசறையிலும் 2025 செப்டெம்பரிலும் எல்லவிலும் பஸ்கள் பள்ளத்தில் பாய்ந்தபோது, உயிர் பிழைத்தவர்களின் முறிவுகளுக்கும் வைத்தியம் தேடியது இந்த வழியில்தான். இன்று பதுளை ஆஸ்பத்திரியில் காலுக்குள் 'பிளேட்' வைத்துக்கொண்டு திரும்பும் ஒவ்வொருவரும் அந்த மரபின் பயனாளியே.

ஆனால் உருக்குக்கு முடிவே இல்லை என்பது அதன் குணம், அதுவே குறையும். எலும்பு உயிருள்ள பொருள். அதில் ஒரு வகை அணு பழையதைக் குடைந்து எடுத்துக்கொண்டே இருக்கிறது. இன்னொரு வகை அணு புதியதைக் கட்டிக்கொண்டே இருக்கிறது. எங்கே சுமை விழுகிறதோ அங்கே எலும்பு தடிக்கும், சுமை குறைந்த இடத்தில் மெலியும் என்பதை 1892-ல் ஜூலியஸ் வுல்ஃப் விரித்துரைத்தார். கூடை சுமந்து மலையேறுகிறவளின் காலெலும்பு இதற்கு நல்ல சாட்சி. உருக்கு எலும்பைவிடப் பத்து மடங்கு விறைப்பானது. எலும்பு தாங்கவேண்டிய சுமையைத் தகடு தானே தாங்கிக்கொள்ளும். சும்மா இருக்கும் எலும்பு தகட்டின் கீழ் மெலிந்து போகிறது. பெரியவர்களுக்குத் தொல்லை தராத தகட்டை அப்படியே விட்டுவிடுவதுண்டு. தோலுக்கடியில் குத்தினாலோ, திருகாணி தளர்ந்தாலோ, சீழ் பிடித்தாலோ, வளரும் குழந்தையாக இருந்தாலோ, இரண்டாவது முறை திறந்து எடுக்கவேண்டும்.

அந்த இரண்டாவது முறையைத்தான் நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நகரத்தில் மாதச் சம்பளத்தில் இருப்பவருக்கு அது இரண்டு வார விடுமுறை. லுணுகலைக்கு அப்பால் ஒரு மேற்பிரிவு லயத்தில் இருப்பவளுக்கு அது என்ன? அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசில்லை என்பது இந்த நாட்டின் பெருமை, அதில் ஐயமில்லை. ஆனால் பஸ்ஸுக்குக் காசு உண்டு, கூட வருகிறவரின் சாப்பாட்டுக்குக் காசு உண்டு, இரண்டு பேருடைய பேரும் போய்விடும். 2021-ல் ஆயிரம் ரூபாவாகவும் 2024-ல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளத்தில் அந்த இழப்பைக் கூட்டிப் பாருங்கள். 2022-ன் பொருளாதார நெருக்கடியில் மருந்துகளும் சத்திரசிகிச்சைப் பொருட்களும் இல்லாமல் நாடெங்கும் ஆஸ்பத்திரிகள் அவசரமில்லாத சிகிச்சைகளைத் தள்ளிப் போட்டன. தகடு எடுப்பது அவசரமில்லாத சிகிச்சைதான். கரையும் உலோகத்தைப் பற்றிய ஆராய்ச்சி விஞ்ஞான வேடிக்கையன்று என்பதற்கு இதைவிட வேறு நியாயம் தேவையா?

ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் மறந்து கிடந்த மக்னீசியம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் எடுக்கப்பட்டது. ஜெர்மனியின் ஹனோவர் நகரில் ஃபிராங்க் விட்டேயும் தோழர்களும் 2005-ல் வெளியிட்ட ஆராய்ச்சி அதில் ஒரு மைல்கல். நான்கு வகை மக்னீசியக் கலவைகளைச் சிறு கம்பிகளாக்கிக் கினிப்பன்றிகளின் தொடை எலும்பில் வைத்தார்கள். ஒப்பிடுவதற்குக் கரையும் பிளாஸ்டிக் கம்பியையும் வைத்தார்கள். முதல் வாரத்தில் தோலுக்கடியில் வாயுக் குமிழ்கள் தோன்றின. இரண்டு மூன்று வாரங்களில் மறைந்தன. வியப்புக்குரியது அதற்குப் பிறகு கண்டதுதான். பிளாஸ்டிக்கைச் சுற்றி இருந்ததைவிட, கரைந்துகொண்டிருக்கும் மக்னீசியத்தைச் சுற்றி அதிகமான புதிய எலும்பு வளர்ந்திருந்தது. தன்னை அரிக்க விட்டுக்கொடுத்த உலோகம் எலும்பைத் தூண்டிவிட்டும் போயிருந்தது.

எலும்பு இவ்வாறு நடந்துகொள்வது ஏன்? மக்னீசியம் உடலுக்கு அந்நியமானதன்று. ஒரு மனிதரின் உடலில் ஏறக்குறைய 25 கிராம் மக்னீசியம் உண்டு. அதில் பாதிக்கு மேல் எலும்பிலேயே தங்கியிருக்கிறது. உள்ளே வைத்த தகட்டின் மேல் முதலில் ஹைட்ராக்சைடு படிகிறது. இரத்தத்தின் குளோரைடு அதை ஓட்டையாக்குகிறது. அந்த ஓட்டைகளில் இரத்தத்தின் கல்சியமும் பொஸ்பேட்டும் வந்து படிந்து, எலும்பின் கனிமத்துக்கு நெருங்கிய ஓர் ஓட்டை உண்டாக்குகின்றன. எலும்பு கட்டும் அணுக்களுக்கு அது அந்நியமாகத் தோன்றுவதில்லை. விறைப்பிலும் மக்னீசியம் உருக்கைவிட எலும்புக்கு மிக நெருங்கியது. 2016-ல் ஹொங்கொங் சீனப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு வழியையும் காட்டினார்கள். எலியின் தொடை எலும்புக்குள் மக்னீசியம் கரையும்போது, எலும்பைப் போர்த்திய சவ்வின் நரம்பு நுனிகள் ஒரு புரதத் துணுக்கை வெளிவிடுகின்றன. அது அச்சவ்வில் உள்ள மூல அணுக்களை எலும்பு கட்டும் அணுக்களாக மாறத் தூண்டுகிறது. எலும்பு கூடுவதில் நரம்புக்கும் பங்குண்டு என்பதைப் பழைய வைத்திய நூல்கள் இத்தனை தெளிவாகச் சொல்லவில்லை.

எல்லாம் வேகத்தைப் பொறுத்தது. எலும்பு கூடும் வேகத்தை உலோகம் கரையும் வேகம் முந்தினால், வாயு எலும்பை அரித்துக் குழியாக்கும், பிணைப்பு தளரும். எக்ஸ்ரே படத்தில் திருகாணியைச் சுற்றிக் கறுப்பு வளையம் ஒன்று முதல் மாதங்களில் தெரியும்; அது கிருமித் தொற்றின் அடையாளத்தைப் போலவே இருக்கும். பழக்கமில்லாத வைத்தியர் பதறித் திறந்துவிட்டால் நல்ல எலும்பையும் கெடுத்துவிடுவார். பெரும்பாலான வளையங்கள் நாளடைவில் எலும்பால் நிரம்பிவிடுகின்றன. ஆகவே புதிய பொருளோடு புதிய கண்ணும் வேண்டும்.

2013-ல் ஐரோப்பாவில் மக்னீசியத் திருகாணி ஒன்று மனிதருக்குப் பயன்படுத்த அனுமதி பெற்றது. அதன் முதற் சோதனை, கால் பெருவிரல் கோணிய 26 பேரிடம் நடந்தது. ஆறு மாதத்தில் டைட்டேனியத்துக்குக் குறையாத பலன் கிடைத்தது. இறுகிய காலணிகளோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் குறைபாடு அது! வெறுங்காலோடு கொழுந்தெடுக்கிறவர்களின் முறிவுக்கு இந்தத் திருகாணி வந்து சேர இன்னும் எத்தனை காலமோ. ஆயினும் கொரிய ஆராய்ச்சி நமக்கு அருகில் வருகிறது. அங்கே கல்சியமும் துத்தநாகமும் மட்டும் கலந்த மக்னீசியத் திருகாணி 2015-ல் அனுமதி பெற்றது; கையிலும் மணிக்கட்டிலும் வைக்கப்பட்ட 53 பேரின் அனுபவம் அடுத்த ஆண்டு வெளிவந்தது. ஓராண்டில் உலோகம் மறைந்து அவ்விடத்தில் எலும்பு நின்றது. நாம் தொடக்கத்தில் கண்ட பெண்ணின் முறிவும் மணிக்கட்டில்தானே.

இதைக் கேட்டுக் கீழ்க்காலுக்கும் தொடைக்கும் நாளையே கரையும் தகடு வந்துவிடும் என்று எவரும் நம்பிவிடக் கூடாது. உடலின் முழுச் சுமையைத் தாங்கும் நீண்ட எலும்புகளுக்கு மக்னீசியத்தின் வலிமை இன்னும் போதவில்லை. துத்தநாகத்தையும் இரும்பையும் சோதிக்கிறார்கள். முன்னது மென்மை, பின்னது கரையவே தயங்குகிறது. சிறுநீரகத்தின் கேள்வியும் இருக்கிறது. மிகுந்த மக்னீசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. பதுளை மாவட்டத்தின் வறண்ட ஓரத்தில், கிராந்துருக்கோட்டைப் பகுதியில், காரணம் முழுதும் விளங்காத சிறுநீரக நோய் உழவர்களைப் பல்லாண்டுகளாக வாட்டி வருகிறது. சிறு திருகாணியில் உள்ள உலோகம் கொஞ்சந்தான்; ஆனால் ஹனோவரிலும் சோலிலும் கேட்கத் தேவைப்படாத கேள்வியை இங்குள்ள வைத்தியர்கள் கேட்டே ஆகவேண்டும்.

விலையோ, உருக்கைவிட அதிகம். உலோகம் அருமையானது என்பதால் அன்று. சுத்திகரிப்பும் சோதனையும் உரிமைப் பத்திரங்களும் அந்த விலையில் அடங்கியிருக்கின்றன. உலகத்து மக்னீசியத்தின் பெரும்பகுதி இன்று சீனாவில் டொலமைட் என்ற கல்லைச் சுட்டு, இரும்புச் சிலிக்கனோடு கடும் வெப்பத்தில் வைத்து எடுக்கப்படுகிறது. டொலமைட் நமக்குப் புதிய பெயரா? கவ்வாத்து வெட்டிய மலைகளில், மண்ணின் புளிப்பைத் தணிக்கத் தொழிலாளர்கள் தூவுகிற அந்த வெள்ளைத் தூள்தான் அது. இலங்கையின் மலைநாட்டுப் பாறைகளில் கிடைப்பது. தேயிலைக் கொழுந்தின் பச்சைக்கு நடுவில் இருப்பதும் ஒரு மக்னீசிய அணுவே. தொழிற்சாலையில் இலை கறுப்பாவதற்கு அந்த அணு கழன்று போவதும் ஒரு காரணம். செடிக்கு மக்னீசியம் குறைந்தால் தோட்ட நிர்வாகம் உடனே கவனிக்கிறது. உரக் கலவையில் அதற்கு ஓர் இடம் உண்டு.

ஒரு கல்லிலிருந்து உடலுக்குள் வைக்கத்தக்க உலோகத்தை எடுப்பது உரம் தூவுவது போன்ற காரியமல்ல. அதைப் பதுளையில் உடனே செய்துவிடலாம் என்பது பேச்சுக்கு இனிக்கும், செயலுக்கு ஆகாது. ஆனால் கலவையை ஆராய்வதும், நம் மக்களின் எலும்பில் அதன் போக்கைக் கவனித்து எழுதுவதும் வேறு காரியங்கள். சென்னையில் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்து ஆராய்ச்சியாளர்கள் எலும்புக் கனிமத்தின் நுண்தூளை மக்னீசியத்தில் கலந்து, அரிப்பின் வேகத்தைத் தணிக்கும் வழியை 2010-களிலேயே எழுதியிருக்கிறார்கள். பதுளையில் 2005-ல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் கனிம வளத் தொழில்நுட்பத்துக்கு ஒரு பட்டப்படிப்பும் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கு ஒரு பட்டப்படிப்பும் இருக்கின்றன. அங்கிருந்து பதுளை ஆஸ்பத்திரியின் எலும்பு முறிவு வார்டு அதிக தூரமில்லை; அந்த வார்டிலிருந்து பசறைக்குப் போகும் பஸ்ஸும் ஒன்றுதான்.